நாலு பேர் பெயரும் வேண்டும்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகனுக்கு,

கார்கில் நாளுக்காக நீயும் உன் நண்பர்களும் ஊர் முனையில் வைக்கப்போகிற பேனரின் மாதிரியை வாட்ஸப்பில் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. மேஜர் சரவணன் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறாய். 1999 மே 29 அன்று கார்கில் பக்கத்துப் பட்டாலிக்கில் விழுந்த அந்தத் திருச்சிப் பிள்ளையின் உடல், ஒரு மாதத்துக்கும் மேல் மலையிலேயே கிடந்து, அப்புறம்தான் வீடு வந்தது. அவருக்கு அந்த இடம் வேண்டும்தான். அதற்குக் கீழே ஒரு ஹெலிகாப்டர் படம். அதன் அடியில் பைலட் இருவரின் பெயர், பக்கத்தில் ‘மற்றும் இருவர்’ என்று போட்டிருக்கிறாய். அந்த இருவருக்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் ஜூலை வந்தால் ஆரணி, குடியாத்தம், ஆற்காடு என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதே மாதிரி பேனர் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். பைலட்கள்: ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர். ஃப்ளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன். நீ ‘மற்றும் இருவர்’ என்று போட்டவர்கள்: சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத். சார்ஜென்ட் ராஜ் கிஷோர் சாஹு. உத்தரப் பிரதேசத்தில் சஹாரன்பூர் பக்கம் சர்சாவா தளத்தைச் சேர்ந்த 152ஆவது ஹெலிகாப்டர் பிரிவு அவர்களுடையது. ‘நுப்ரா-3’ என்ற அழைப்புப் பெயரோடு கிளம்பிய மி-17 ஹெலிகாப்டரில் நாலு பேரும் ஒன்றாக ஏறினார்கள், ஒன்றாகப் போய்விட்டார்கள். தேதி 1999 மே 28.

கார்கிலில் விமானப்படை தாக்குதலைத் தொடங்கி அன்றைக்கு மூன்றாவது நாள்தான். முந்தின நாள் இரண்டு போர் விமானங்கள் போயிருந்தன. இன்ஜின் அணைந்துபோன மிக்-27இலிருந்து குதித்த நச்சிகேதா எதிரியிடம் பிடிபட்டார். அவர் விழுந்த இடத்தைத் தேடிச் சுற்றிய அஜய் அஹூஜாவின் மிக்-21 ஏவுகணை பட்டு விழுந்தது. அடுத்த வாரம் நச்சிகேதா உயிரோடு திரும்பி வந்தார். அஹூஜாவின் உடல்தான் வந்தது. இப்படி ஒரு நாளுக்கு அடுத்த நாள்தான் இந்த நாலு பேரும் டோலோலிங் மலைக்குக் கிளம்பினார்கள். முந்தின நாள் நடந்தது தெரியாமல் போனவர்கள் இல்லை. இதை யோசித்துப் பார்.

மலை உச்சியில் பதுங்கியிருந்தவர்கள் மேல் ராக்கெட் வீசிவிட்டுத் திரும்பும்போது ஸ்டிங்கர் ஏவுகணை தாக்கியது. அது ஒரு ஆள் தோளில் வைத்துச் சுடுகிற சாமான். இன்ஜின் சூட்டைத் தேடி வரும். அதைத் திசைதிருப்ப ‘ஃப்ளேர்’ என்று நெருப்புக் குண்டுகளை உதிர்ப்பார்கள். ஏவுகணை அந்தச் சூட்டின் பின்னால் போய்விடும். அந்த ஹெலிகாப்டரில் ஃப்ளேர் இல்லை. அந்த உயரத்தில் காற்று மெலிசு, விசிறி எவ்வளவு சுற்றினாலும் பிடிப்புக் குறைவு. சமவெளியில் மாதிரி சட்டென்று திரும்பவோ மேலே ஏறவோ முடியாது. இத்தனைக்கும் எதிரி உட்கார்ந்திருப்பது மலை மேலே, கிட்டத்தட்ட உன் கண் மட்டத்தில். அதற்குப் பிறகு மி-17களைத் தாக்குதலுக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். அடிபட்டவர்களைத் தூக்கிவரவும் சாமான் இறக்கவும் மட்டும் போயின. போர் விமானங்களும் ஏவுகணைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. பின்னால் போன எத்தனையோ பேர் திரும்பி வந்ததற்கு இந்த நாலு பேரின் உயிரும் ஒரு காரணம் என்பது என் திடமான எண்ணம்.

இப்போது அந்த ‘இருவர்’ விஷயத்துக்கு வருகிறேன். நான் விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன். பறந்தவன் இல்லை, பறக்க அனுப்பியவன். மி-17இல் பைலட் இருவருக்கும் நடுவே, கதவை ஒட்டி, மடக்குகிற மாதிரி ஒரு சின்ன இருக்கை உண்டு. ஃப்ளைட் இன்ஜினியர் அதில்தான் உட்காருவார். இன்ஜின் சூடு எவ்வளவு, எண்ணெய் அழுத்தம் எவ்வளவு, எந்த முள் எங்கே நிற்கிறது என்று அவர் கண் அதிலேயே இருக்கும். முன்னால் பாறை வருகிறதா என்று பைலட் பார்க்கலாம், ஏனென்றால் முள்ளைப் பார்க்க இவர் இருக்கிறார். பின்னால் கேபினில் இருப்பவர் கதவு வழியாக, பைலட் கண்ணுக்கு எட்டாத பக்கத்தைப் பார்த்துச் சொல்வார். நாலு பேரும் சேர்ந்தால்தான் அந்த வண்டி பறக்கும். பறக்கும்போது ‘மற்றும்’ என்று யாரும் கிடையாது.

கிளம்புமுன் நாங்கள் வண்டியின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700இல் கையெழுத்துப் போடுவோம், அப்புறம் கேப்டன் போடுவார். வண்டி எழும்பிப் போன பிறகு தரையில் இருப்பவனுக்கு வேலை எதுவும் ஓடாது. திரும்பிவரும் சத்தத்துக்காகக் காது நீண்டுகொண்டே இருக்கும். ஒன்று குறைந்தால் கண்ணுக்கு முன்னே காதுக்குத் தெரிந்துவிடும்.

அரசு இந்த விஷயத்தில் சரியாகச் செய்திருக்கிறது. நாலு பேருக்கும் வாயு சேனா பதக்கம் கொடுத்தார்கள். டில்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு கல், எல்லாம் ஒரே அளவு. அதிகாரிக்குப் பெரிது, சிப்பாய்க்குச் சின்னது என்று கிடையாது. அதே 2019 மே 28இல், இருபது வருஷம் ஆனதை நினைத்து, சர்சாவாவில் மி-17கள் அம்பு வடிவில் பறந்தன. நடுவே ஒரு இடத்தைக் காலியாக விட்டுப் பறப்பார்கள். திரும்பி வராதவர்களுக்கான இடம் அது, ‘மிஸ்ஸிங் மேன்’ என்பார்கள்.

நம் வேலூரில் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லை நீ படித்திருக்கிறாயா? 1914-18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். எண்ணிக்கை இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. அந்தப் பதினாலு பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள், எந்தத் தெரு? பஜாருக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. நூறு வருஷத்தில் ‘மற்றும் 14 பேர்’ ஆகிவிட்டார்கள். நம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று ஊரே சொல்கிறது. பட்டாளத்து ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பரணில் இருக்கிற உன் தாத்தாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியைப் பார், வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் இருக்கும். காட்பாடியில் ரயில் ஏறும்போது பெட்டி மாறிவிடக் கூடாது என்று எழுதியது. பெட்டிக்கே அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட ஊரில் ஆளின் பெயரை விடலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேனரில் காணாமல் போனவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கு. 1971 போரில் காணாமல் போய், பாகிஸ்தான் சிறையில் இருப்பதாக நம்பப்பட்டவர்கள் 54 பேர். அதில் ஒருவர் ஃப்ளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே. அவர் மனைவி தமயந்தி, பேட்மிண்டனில் தேசிய சாம்பியனாக இருந்தவர். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. அதன் பிறகு எத்தனையோ பத்தாண்டுகள் அவரைத் தேடிக்கொண்டே இருந்தார். போர் இல்லாத காலத்திலும் இது நடக்கிறது. 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் 29 பேரோடு வங்கக்கடலில் மறைந்தது. அதன் உடைசல்களைச் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்த செய்தி வந்தது 2024 ஜனவரியில்.

உடல் வந்தால் அழுது தீர்க்கலாம். வராத வீட்டில் அழுவதற்கே பயம், அழுதால் அவர் இல்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று. திதி கொடுக்க நாள் தெரியாது. தெரியாதவர்களுக்கென்று மகாளய அமாவாசை இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எள்ளும் தண்ணீரும் விடக் கை துணிய வேண்டுமே. பொட்டை எடுப்பதா வைப்பதா என்பதைக்கூட அந்தப் பெண் சொந்தமாக முடிவு செய்ய ஊர் விடாது. பட்டாளத்துக்காரன் வீடு என்றால் இதுவும் சேர்த்துத்தான். செத்தவர்களுக்குக் கல் வைக்கிறோம், காத்திருந்தவர்களுக்கு நாம் ஒன்றுமே செய்வதில்லை.

அதனால் ஹெலிகாப்டர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கு. நாலு பெயரையும் ஒரே அளவு எழுத்தில், ரேங்கோடு போடு. பிரசாத்தின் இனிஷியல் நாலையும் விடாமல் போடச் சொல். இடம் பத்தவில்லை என்றால் வழக்கமாகக் கீழே போடுகிற உங்கள் படங்களை எடுத்துவிடுங்கள். உன் நண்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இந்தக் கடிதத்தைக் காட்டு.

ஜூலை 26 விழா அது பாட்டுக்கு நடக்கட்டும். அடுத்த வருஷத்திலிருந்து மே 28ஐயும் குறித்து வை. அப்போது பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்த முடியாது. ஆனால் பட்டாளத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் லீவில் ஊருக்கு வந்திருப்பார்கள். சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் கூடினால் போதும். மைக், மாலை எதுவும் வேண்டாம். யாராவது ஒருவர் பெயர்களைப் படிக்கட்டும். அந்த வாரம் ஊரில் யார் யார் இருப்பார்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுச் சொல், நானும் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா