மூத்தவள் வந்து இறங்கியதும் டொக்டரிடம் பதிய வேண்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். மூத்தவளுக்கு இங்கிலாந்துக்குப் படிக்க வர விசா வந்துவிட்டது என்று அத்தான் சொன்னபோதே இதை எழுத நினைத்தேன், போனில் கதைத்தால் பாதி விட்டுப்போகும், எழுதி அனுப்பினால் அவளும் வாசித்து வைத்துக்கொள்வாள். குளிர் உடுப்பு, அறை வாடகை, பகுதிநேர வேலை எல்லாவற்றுக்கும் புத்தி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். டொக்டரிடம் பதிகிறதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவள் தினமும் தைரொயிட் குளிசை போடுகிற பிள்ளை என்பதால்தான் எனக்கு இந்த அவசரம்.

காய்ச்சல் என்றால் காலையில் மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போய், துண்டு எடுத்துக்கொண்டு ஓபிடி என்ற வெளிநோயாளர் வரிசையில் இருக்கிறோமே, அது இங்கே சரிவராது. நெஞ்சுவலி, விபத்து மாதிரி உயிர் போகிற விசயமென்றால்தான் நேரே ஆஸ்பத்திரி, அதற்கு 999க்கு அடிக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ஜீபி, அதாவது இருக்கிற இடத்துக்குக் கிட்ட உள்ள குடும்ப டொக்டர்மாரின் இடம். அங்கே முதலே பேர் பதிந்திருக்க வேண்டும். இரவில் திடீரென்று ஏதும் வந்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 111க்கு அடிக்கலாம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம்.

பதிய ஒரு சதமும் இல்லை. விசாவுக்கு அத்தான் வருசம் 776 பவுண் வீதம் சுகாதாரக் கட்டணம் கட்டினாரே, அது இதற்கும் சேர்த்துத்தான். பாஸ்போட்டும் விலாசம் காட்டுகிற கடிதம் ஒன்றும் கேட்பார்கள், இருந்தால் கொடுக்கட்டும். ஆனால் அவை இல்லையென்பதற்காகப் பதிய மறுக்கக்கூடாது என்பதுதான் இங்கிலாந்தில் உள்ள விதி. இதை அவள் நன்றாக மனதில் வைத்திருக்க வேண்டும் அக்கா, ஏனென்றால் கரண்ட் பில் எல்லாம் வீட்டுக்காரர் பேரில்தான் வரும், அறையில் வாடகைக்கு இருக்கிற எங்கட பிள்ளைகள் எத்தனையோ பேர் கையில் கடிதம் இல்லை என்று பயந்து பதியாமலே இருந்துவிடுகிறார்கள். வேறு காரணம் சொல்லி மறுத்தாலும் அந்தக் காரணத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும்.

படிவத்தில் பேரை பாஸ்போட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கோ. எங்களுக்குத் தகப்பன் பேர் எது, சொந்தப் பேர் எது என்பதில் இவர்களுக்குக் குழப்பம் வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதினால் பிறகு ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடி எடுப்பது கரைச்சல். பதிந்தவுடன் பத்து இலக்கத்தில் ஒரு நம்பர் கிடைக்கும், ஊர் மாறி வேறு டொக்டரிடம் போனாலும் அதே நம்பர்தான், பழைய பதிவுகள் பின்னாலே வந்து சேரும்.

நான் பதிந்தபோது ஒரு தாதி கூப்பிட்டு உயரம், நிறை, பிரசர் எல்லாம் பார்த்தா. பிறகு முந்தைய காயங்கள், சத்திரசிகிச்சைகள் ஏதும் உண்டோ என்று கேட்டா. நான் காற்சட்டையை மடித்து இடது கெண்டைக்காலைக் காட்டினேன். சண்டை நேரம் மாத்தளனில் பட்ட செல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறதென்று சொன்னேன், போனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லிமுடித்ததும் அந்தத் தாதி தட்டச்சை நிறுத்திவிட்டு, விரலால் மெல்ல அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்து, குளிருக்கு நோகிறதோ என்று கேட்டா. நோகும் என்றேன். பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பி, எழுதியதைக் காட்டினா. உடம்பின் உள்ளே படம் பிடிக்க எம்ஆர்ஐ எடுக்கிற மெசின் பெரிய காந்தம், உடம்பில் இரும்பு இருந்தால் அசையக்கூடும், அதனால் எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்றா. அக்கா, உங்கட தோளில் இருக்கிறதையும் அடுத்த முறை கிளினிக்கில் சொல்லி கொப்பியில் எழுதுவியுங்கோ. எங்கட சனம் இதைச் சொல்லாமலே பழகிவிட்டது, சொல்லத்தான் வேண்டும்.

மூத்தவளின் குளிசைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் டொக்டர் எழுதுகிற ஒவ்வொரு மருந்துக்கும் பாமசியில் 9.90 பவுண் கட்ட வேண்டும். ஆனால் தைரொயிட் சுரப்பு குறைந்து தைரொக்சின் போடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு. எஃப்பி92ஏ என்ற படிவத்தை டொக்டரிடம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தால் ஒரு அட்டை வரும், ஐந்து வருசத்துக்கு எல்லா மருந்தும் சும்மா. அதைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், அவள்தான் கேட்க வேண்டும். அப்புறம் அந்த மருந்தை ஒருநாளும் இடையில் விடக்கூடாது. பதிந்து, முதல் சந்திப்புக் கிடைத்து, ரத்தம் எடுத்து எல்லாம் சரிவர சில கிழமை போகலாம், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்குக் காணக்கூடிய குளிசை, பெட்டியோடும் டொக்டரின் துண்டோடும் கைப்பையில் வரவேண்டும், பெரிய பையில் போடவேண்டாம்.

கிளினிக் கொப்பி, கடைசி ரத்த ரிப்போட், சின்ன வயதில் ஊசி போட்ட அட்டை, கொழும்பில் எடுத்த காசநோய்ச் சோதனைத் தாள் எல்லாவற்றையும் அத்தான் போனில் படம் எடுத்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். 2009இல் எத்தனை பேர் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் முகாமுக்குப் போனார்கள் என்று நாங்கள் கண்டோமே.

அவள் வந்து இறங்குகிற கிழமையே நான் லெஸ்ரரில் இருந்து போய் அவளோடு நின்று பதிந்துவிடுகிறேன். பிளேன் நம்பரை மறக்காமல் அனுப்புங்கோ.

அன்புடன்,
தம்பி