பழைய இங்கிலாந்துக் கோர்ட்டுகளைப் பற்றி ராமலிங்கத்துக்கு

கோயம்புத்தூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதமும் பேரனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்ட படமும் வந்து சேர்ந்தன. முகம் அச்சு அசலாக நீ. காது மட்டும் தங்கச்சி ஜாடை, அந்த மட்டுக்குப் பிழைத்தான். உனக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். ஆனால் தங்கச்சி கையால் ஒரு வரி எழுதி வந்தால் இன்னும் கொஞ்சம் நம்புவேன்.

எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தும் நிறுத்தியாச்சு. மகன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறான். எழுத்தை விரலால் இழுத்து வேண்டுமளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். அதில் நான் ராமாயணம் படிப்பதாக மருமகள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மையில் படிப்பது உன் தொழில் சமாசாரம்: 1600-களில் இங்கிலாந்தில் அச்சான கோர்ட் விவகாரங்கள். அப்போது லண்டனில் அது நல்ல வியாபாரம். பெரிய வழக்கு ஒன்று முடிந்தால் சுடச்சுட ஒரு சின்னப் புத்தகம் வந்துவிடும். கேள்வி, பதில், சத்தம், தீர்ப்பு எல்லாம் அதில் இருக்கும். பாதி நிஜம், பாதி மசாலா. பழைய அச்சில் எஸ் என்ற எழுத்து எஃப் மாதிரி நிற்கிறது. முதலில் தலை சுற்றியது, இப்போது பழகிவிட்டது.

நீ பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலத்தில் ஒருமுறை சொன்னாய்: சாட்சி அரைமணி நேரம் அழுது புலம்புவார், ஏட்டில் நாலு வரி ஏறும், அப்பீலில் அந்த நாலு வரிதான் சாட்சி. இந்தப் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் அதுதான் காதில் ஒலிக்கிறது. அந்தக் காலத்து ஜட்ஜ் ஒருவர் நமக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறாரா, ராட்சசனாகத் தெரிகிறாரா என்பதெல்லாம் எழுதினவன் யார் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

உனக்காகவே பிறந்த மாதிரி ஒரு ஆள் இருக்கிறார், தாமஸ் பாட்ஸ் என்று. கோர்ட் கிளார்க். 1612 ஆகஸ்டில் வட இங்கிலாந்தில் லங்காஸ்டர் கோட்டையில் சூனியக்காரிகள் வழக்கு நடந்தது. லண்டனிலிருந்து நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வந்து வழக்கு கேட்கும் முறை அப்போது. அந்தத் தடவை வந்தவர்கள் ஜேம்ஸ் ஆல்தம், எட்வர்ட் ப்ராம்லி. வழக்கு முடிந்து 10 பேரைத் தூக்கில் போட்டார்கள். நீதிபதிகள் பாட்ஸைக் கூப்பிட்டு, நடந்ததைப் புத்தகமாக எழுது என்றார்கள். எழுதினார். ப்ராம்லி தானே உட்கார்ந்து அதைப் படித்துத் திருத்தினார். திருத்திவிட்டேன், அச்சிடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்ததும் புத்தகத்தின் முன்னாலேயே இருக்கிறது. 1613-ல் வெளிவந்தது. தீர்ப்புச் சொன்னவரே புரூஃப் பார்த்த புத்தகம்! அதில் ஜட்ஜ் எப்படி வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொறுமை, கருணை, கண்ணீர் மல்கும் அறிவுரை, எல்லாம் உண்டு.

ஆனாலும் பாட்ஸ் நல்ல எழுத்துக்காரர், தன்னை மறந்து சில இடங்களில் உண்மையைக் காட்டிவிடுகிறார். எலிசபெத் டிவைஸ் என்ற ஏழைப் பெண் கூண்டில் நிற்கிறாள். அவளுக்கு ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் பார்க்கும், பிறவிக் குறை. பாட்ஸ் அதையே ஒரு அத்தாட்சி மாதிரி எழுதுகிறார். அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருவது அவள் பெற்ற மகள் ஜெனட், 9 வயசு. பிள்ளையைக் கண்டதும் தாய் அலறுகிறாள், திட்டுகிறாள், சாபம் கொடுக்கிறாள். பிள்ளை ஓவென்று அழுது, அம்மா இருந்தால் பேசமாட்டேன் என்கிறது. தாயை வெளியே இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். அப்புறம் அந்தக் குழந்தையைத் தூக்கிக் கோர்ட் நடுவிலிருந்த மேஜைமேல் நிறுத்துகிறார்கள், எல்லாருக்கும் தெரியட்டும் என்று. அங்கே நின்றுகொண்டு அது தாயைப் பற்றிச் சொல்கிறது, அண்ணன் ஜேம்ஸைப் பற்றியும் சொல்கிறது. இரண்டு பேரையும் தூக்கில் போட்டார்கள். பாட்டி வழக்கு வரும் முன்பே கோட்டைச் சிறையில் செத்துப்போனாள்.

ஆலிஸ் நட்டர் என்று கொஞ்சம் வசதியான குடும்பத்துப் பெண் ஒருத்தியும் அதில் மாட்டினாள். ப்ராம்லி அங்கே தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறார். கைதிகளைக் கலந்து நிற்க வைத்து, சூனியக்காரிகள் கூடிய கூட்டத்துக்கு வந்திருந்த பெண்ணை அடையாளம் காட்டு என்று ஜெனட்டிடம் சொல்கிறார். பிள்ளை நேராகப் போய் ஆலிஸின் கையைப் பிடித்தது. உடனே அவர் பொய்யாக ஒரு பெயரைச் சொல்லி, அவளும் வந்திருந்தாளா என்று கேட்கிறார். அப்படி ஒருத்தி வரவில்லை என்றது பிள்ளை. ஆஹா, என்ன நேர்மையான சாட்சி என்று பாட்ஸ் பூரித்துப்போகிறார். எனக்கு என்னவோ போலிருந்தது. ஆலிஸ் அக்கம்பக்கத்துக்காரி. அவள் முகம் தெரிந்த பிள்ளை கையைப் பிடித்ததில் என்ன ருசுவாகிவிட்டது? இதை அந்த மண்டபத்தில் கேட்க ஒரு வக்கீல் இல்லை. அப்போது இப்படிப்பட்ட பெரிய குற்றங்களில் கைதிக்காக வக்கீல் வாதாட விடமாட்டார்கள். தன் வழக்கைத் தானே பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆகஸ்டில், அதே ப்ராம்லி முன்னால், கிரேஸ் சவர்பட்ஸ் என்ற 14 வயசுப் பெண் தன் சொந்தப் பாட்டியையும் அத்தையையும் சூனியக்காரிகள் என்றாள். அந்த வழக்கில் அவர் துருவித் துருவிக் கேட்க வைக்கிறார். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் சொல்லிக்கொடுத்து வந்தது என்று அந்தப் பெண் ஒப்புக்கொள்கிறாள். எல்லாரும் விடுதலை. அங்கே பிள்ளை வாக்கு வேதவாக்கு, இங்கே பிள்ளை வாக்கு சதி. இங்கிலாந்தில் அப்போது சூனியக்காரியைவிடப் பாதிரியார்மேல் பயம் அதிகம், அதுதான் சூட்சுமம். இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்து, இரண்டிலும் நீதிபதியின் ஞானத்தையே பார்க்கச் சொல்கிறார் நம் கிளார்க்.

இன்னொன்றும் கேள். 1634-ல் அதே லங்காஸ்டரில் ஒரு பத்து வயசுப் பையன் கிளம்பி ஊர்ப் பெண்களையெல்லாம் சூனியக்காரிகள் என்றான். அப்போது சிறையில் கிடந்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர் ஜெனட் டிவைஸ். இந்த முறை நீதிபதிகள் சந்தேகப்பட்டு அரசர்வரை கொண்டுபோனார்கள். எல்லாம் கட்டிவிட்ட கதை என்று பையனே ஒத்துக்கொண்டான்.

சரி, மனசு கனத்துவிட்டது, ஒரு செங்கல் கதை சொல்கிறேன். 1631-ல் சாலிஸ்பரியில் ரிச்சர்ட்சன் என்ற தலைமை நீதிபதி ஒருவனுக்குத் தண்டனை சொன்னார். அவன் கூண்டிலிருந்தபடியே ஒரு செங்கல் துண்டை எடுத்து அவர்மேல் வீசினான். மயிரிழையில் தப்பினார். அவனுடைய வலது கையை வெட்டித் தூக்குமரத்தில் அறைந்து, கோர்ட்டார் கண்ணெதிரே அதே மரத்தில் அவனையும் தொங்கவிட்டார்கள். 1688-ல் அச்சான ஒரு சட்டப் புத்தகத்தில் வக்கீல்களின் அரைகுறை பிரெஞ்சில் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நீதிபதி அப்போது முழங்கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாராம். "நான் நிமிர்ந்த நீதிபதியாக இருந்திருந்தால் இந்நேரம் போயிருப்பேன்" என்று பிறகு சிரித்தாராம். அந்தச் சிரிப்புக் கதை எவ்வளவு நிஜமோ! ஆனால் நம் கோர்ட் வராந்தாவில் டீ குடிக்கும் வக்கீல்கள் சொல்லும் கதை மாதிரியே இருக்கிறது.

இப்போது எதிர்க்கட்சி எழுதினதைப் பார். ஜான் லில்பர்ன் என்று ஒரு மனிதர். 1649-ல், அரசர் தலையை வெட்டிய அதே வருஷம், புதிய ஆட்சியைத் திட்டித் துண்டுப் பிரசுரம் போட்டதற்காக அவர்மேல் ராஜத்துரோக வழக்கு. லண்டன் கில்டுஹால் மண்டபத்தில் விசாரணை. சுருக்கெழுத்தில் எடுத்து உடனே அச்சாகிவிட்டது. மனிதர் வாய் மூடவே இல்லை. ஜூரிகள்தான் சட்டத்துக்கும் நீதிபதிகள், மேலே உட்கார்ந்திருக்கும் நீங்கள் வெறும் சைபர்கள், அவர்கள் சொல்வதை வாசிக்க வந்தவர்கள் என்று நேருக்கு நேர் சொல்கிறார். ஜெர்மின் என்ற நீதிபதி, இதைப் போன்ற தெய்வ நிந்தனை உண்டா என்று கொதிக்கிறார். நடுவில் லில்பர்னுக்கு அவசரமாக ஒன்றுக்கு வருகிறது. வெளியே போக விடவில்லை. ஒரு சட்டி கேட்டார், கொண்டுவரும்வரை தன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார், வந்ததும் அங்கேயே போய்விட்டு ஜூரித் தலைவரிடம் நீட்டினார் என்று அச்சில் இருக்கிறது! விடுதலை என்று ஜூரி சொன்னதும் அரைமணி நேரம் கூச்சல், நீதிபதிகள் முகம் வெளுத்துத் தலை கவிழ்ந்தார்கள் என்கிறது புத்தகம். பாட்ஸ் எழுதியிருந்தால் அந்த முகங்கள் வெளுத்திருக்குமா?

1670-ல் லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரண்டு குவேக்கர்கள் (அது ஒரு கிறிஸ்தவப் பிரிவு) மேல் நடந்த வழக்கு இன்னும் விசேஷம். பென்னுக்கு வயசு 25. பிற்காலத்தில் பென்சில்வேனியாவை நிறுவியவர் அவர்தான். கூட்டம் நடத்தும் வீட்டைப் படை வைத்துப் பூட்டிவிட்டார்கள், இவர் தெருவில் நின்று பேசினார், அதுதான் குற்றம். குவேக்கர்கள் யாருக்கும் தொப்பி எடுக்கமாட்டார்கள். கோர்ட்டுக்குள் வரும்போது யாரோ தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். மேயர் அதை மறுபடி தலையில் வைக்கச் சொல்லி, பிறகு தொப்பி எடுக்கவில்லை என்று ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டார். எந்தச் சட்டப்படி வழக்கு என்று கேட்டார் பென். பொதுச் சட்டம் என்றார் ரெக்கார்டர், அதாவது நகர நீதிபதி. எங்கே இருக்கிறது என்றால், அத்தனை வருஷத் தீர்ப்புகளை இப்போது எடுத்துச் சொல்ல முடியாது என்றார். பொது என்றால் எடுத்துக் காட்ட இவ்வளவு கஷ்டப்படக் கூடாதே என்றார் பென். அவரைக் கோர்ட்டின் ஓரத்தில் கைதிகளை அடைக்கும் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஜூரி 12 பேரும் தெருவில் பேசினார் என்பதற்குமேல் ஒரு சொல் சொல்லமாட்டோம் என்றார்கள். அவர்களைப் பூட்டி வைத்தார்கள். சோறில்லை, தண்ணீரில்லை, நெருப்பில்லை, இரண்டு ராத்திரி. கேட்டும் ஒரு சட்டிகூடக் கொடுக்கவில்லை. (லில்பர்னுக்குக் கிடைத்த யோகம் இவர்களுக்கு இல்லை.) எட்வர்ட் புஷெல் என்ற ஜூரியைப் பார்த்து மூக்கை அறுப்பேன் என்கிறார் மேயர். ஸ்பெயின்காரர்கள் மதவிசாரணை மன்றம் வைத்திருக்கும் புத்திசாலித்தனம் இப்போதுதான் புரிகிறது என்கிறார் ரெக்கார்டர். கடைசியில் குற்றமில்லை என்றே சொன்னார்கள். ஜூரிகளுக்கும் 40 மார்க் அபராதம். கட்டமாட்டேன் என்று சிறைக்குப் போன புஷெல் ஆட்கொணர்வு மனு போட்டு, தலைமை நீதிபதி ஜான் வானிடம் ஜெயித்தார். சாட்சியை ஜூரி எப்படி எடைபோட்டார்கள் என்பதற்காகத் தண்டிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. இந்த மேயரையும் ரெக்கார்டரையும் நான் நன்றாக வெறுத்தேன். ஆனால் எழுதி வெளியிட்டது பென் பக்கம் என்பதையும் மறக்கக்கூடாது. மேயர் ஸ்டார்லிங்குக்கு ஆத்திரம் தாங்காமல் 1671-ல் தானே மறுப்புப் புத்தகம் போட்டார். அதை இப்போது யார் படிக்கிறார்கள்?

அதிகாரத்தில் இருந்தவர்கள் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1664-ல் ஜான் ட்வின் என்ற ஏழை அச்சுக்காரர், நீதி செய்யாத அரசனைக் குடிகள் கேள்வி கேட்கலாம் என்ற புத்தகத்தை அச்சடித்தார் என்று தூக்கிலிட்டு உடலைத் துண்டாக்கினார்கள். அதிகாலையில் வீடு புகுந்தபோது தாள்கள் அச்சு ஈரம் காயாமல் கிடந்தன. அந்த வழக்கு விவரத்தையும் அந்த வருஷமே அச்சடித்து விற்றார்கள், அரசு அனுமதியோடு. 1679-ல் ஓல்டு பெய்லி வழக்குகளை மேயரும் நீதிபதிகளும் ஒப்பினால்தான் அச்சிடலாம் என்று நகர சபை உத்தரவு போட்டுவிட்டது. அப்புறம் வந்த புத்தகங்களில் மேயர்கள் மூக்கறுக்கிறேன் என்று பேசுவதில்லை. திருந்திவிட்டார்கள் போலிருக்கிறது!

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நேர்மையாகப் பதில் எழுது. இத்தனை வருஷத்தில், ஏட்டில் ஏறாமல் போன ஏதாவது ஒரு வார்த்தை இன்னும் உன் ஞாபகத்தில் இருக்கிறதா? சாட்சி சொன்னதோ, மேலே இருந்தவர் சொன்னதோ, எதுவானாலும் சரி. யார், எந்த வழக்கு என்றெல்லாம் வேண்டாம்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். தை பிறந்ததும் நீயும் தங்கச்சியும் வந்து ஒரு வாரம் இருங்கள், கீழ் ரூமைக் காலி செய்து வைக்கிறேன். பனங்கிழங்கு நாலு கட்டு கொண்டு வா. இங்கே விற்கிறதெல்லாம் வெறும் நார்.

அன்புடன்,
சண்முகம்