ஸ்டூவர்ட் தூக்குப்பாலத்தடியிலிருந்து அப்பாவுக்கு

ஸ்டூவர்ட், புளோரிடா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் அப்பத்தாவும் நன்றாக இருப்பதாகத் தம்பி சொன்னான். லீவு நாளில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாயா என்று போனில் கேட்டீர்கள். இல்லை அப்பா. விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ரயில் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன். போனில் சொல்லி மாளாது என்றுதான் எழுதுகிறேன். படங்களும் உள்ளே இருக்கின்றன.

இங்கே போவது புளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில்வே. ஜாக்சன்வில்லிலிருந்து மயாமி வரை 351 மைல், கிழக்குக் கடற்கரையை ஒட்டியே போகிறது. ஹென்றி ஃபிளாக்லர் என்ற செல்வந்தர் போட்ட தடம், 1896-இல் மயாமியைத் தொட்டது. "உலகத்துலயே மயாமிக்கு அடுத்தபடியா இரும்பை அரிக்கிற இடம் நம்ம பாம்பன்தான்" என்று உங்கள் தண்டவாளப் பராமரிப்பு கேங்கில் சொல்வார்களே, அந்த மயாமிக்குப் போகிற தண்டவாளம்தான் இது. கீழே தண்டவாளத்தைத் தாங்குவது கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டை. நீங்கள் பார்த்தால் முதலில் குனிந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப்பைத்தான் பார்ப்பீர்கள்.

எனக்குப் பிடித்த இடம் செயின்ட் லூசி ஆற்றின் மேலுள்ள ஒற்றைத் தடத் தூக்குப்பாலம். பாம்பனில் பாலம் ரயிலுக்காக மூடியே இருக்கும், கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள். இங்கே தலைகீழ். படகுகளுக்காகத் தூக்கியே நிற்கிறது, ரயிலுக்காகத்தான் இறங்குகிறது. அது இறங்க ஆரம்பித்தாலே வண்டி வருகிறதென்று அர்த்தம்.

தடம் ஏறத்தாழ தெற்கு வடக்காக ஓடுவதால் காலையில் கிழக்கே நிற்க வேண்டும், மாலையில் மேற்கே. உச்சி வெயிலில் எடுத்தால் எஞ்சினுக்கு அடியில் எல்லாம் கறுத்துப்போகும், சக்கரமே தெரியாது. முதல் படத்தில் இருப்பது சரக்கு வண்டி. சிவப்பும் மஞ்சளுமான எஞ்சின்கள் டீசலோடு இயற்கை எரிவாயுவையும் எரிப்பவை. இரண்டு எஞ்சினுக்கு நடுவில் தெரிகிற டேங்கர் அந்த வாயுவுக்கானது. ஜல்லி ஏற்றிய வண்டியும் வரும். தெற்கு புளோரிடாவில் வெட்டும் சுண்ணாம்புக் கல் அது. பக்கவாட்டில் நீலமும் பச்சையும் இளஞ்சிவப்புமாக இருப்பது பிரைட்லைன், பயணிகள் வண்டி. 2023-இலிருந்து ஓர்லாண்டோ வரை போகிறது. பாலத்தில் மெதுவாகத்தான் வரும். இந்தத் தடத்தின் மற்ற இடங்களில் மணிக்கு 110 மைல் வரை ஓடும், அவ்வளவு வேகத்திலும் சத்தம் குறைவு. கேட் மூடிய பிறகு குறுக்கே புகுந்து செத்தவர்கள் இந்தத் தடத்தில் நிறைய. நான் வேலிக்கு வெளியே, பொது இடத்தில்தான் நிற்கிறேன். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

இங்கே ரயில் பார்க்க வருகிறவர்களுக்குத் தனிக் கூட்டமே இருக்கிறது. கையில் ரயில்காரர்கள் பேசுவதைக் கேட்கும் ஸ்கேனர் ரேடியோ வைத்திருப்பார்கள். தடத்தோரம் உள்ள கருவி வண்டி கடந்ததும் எத்தனை ஆக்சில், ஏதும் கோளாறு உண்டா என்று தானே ரேடியோவில் அறிவிக்கும். ஹாட் ஆக்சிலா, அதாவது அச்சு சூடேறியிருக்கிறதா என்று வண்டி கடக்கும்போது பார்த்துச் சொல்ல ஆள் நிற்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர்தான் இந்தத் தடத்தின் மற்ற பாதியைச் சொன்னார். மயாமியோடு நிற்காமல் தீவு தீவாகக் கடலுக்கு மேலே பாலம் கட்டி, 1912-இல் கீ வெஸ்ட் வரை ரயில் விட்டிருக்கிறார்கள். பாம்பன் பாலம் திறந்ததற்கு இரண்டு வருடம் முன்பு! 1935 செப்டம்பர் 2-ஆம் தேதி புயல். ஆட்களை மீட்கப் போன ரயிலை இஸ்லமொராடாவில் கடல் புரட்டிவிட்டது. 447-ஆம் எண் எஞ்சின் மட்டும் தடத்தில் நின்றதாம். அந்தப் புயலில் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். அதன்பின் அங்கே ரயில் இல்லை. 1938-இல் அந்தப் பாலங்களின் மேலேயே சாலை வந்துவிட்டது.

எனக்குப் பேச்சே வரவில்லை அப்பா. பிறகு நம் 1964 புயலைச் சொன்னேன். கடல் கொண்டுபோன தனுஷ்கோடி பாசஞ்சர், டிசம்பர் 22 ராத்திரி, அதன்பின் அங்கும் ரயில் போகாதது, எல்லாம். என் அப்பா பாம்பன் பாலத்தில் தண்டவாளத்தைச் சோதித்தபடி கீமேனாக நடந்தவர் என்றதும் அவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். கேள்வி மேல் கேள்வி. காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை நிறுத்துவார்களாமே, அப்போது பாலத்தில் இருக்கிற ஆள் என்ன செய்வார்? நடந்துகொண்டிருக்கும்போது ரயில் வந்தால் எங்கே ஒதுங்குவார்? பழைய தூக்குப் பகுதியைக் கையால் சுற்றித் திறக்க எத்தனை பேர்? பெயின்ட் அடித்து எத்தனை நாள் தாங்கும்? உங்கள் வேலையை இத்தனை ஆசையாக ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மீதிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கையாலேயே எழுதுங்கள், நான் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுகிறேன்.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி செங்குத்தாக மேலே போகிறதாமே, அதை அவருக்குக் காட்ட வேண்டும். தம்பியை சாலைப் பாலத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். வெயில் அவன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், பழைய பாலம் இன்னும் நின்றால் அதுவும் அதே படத்தில் வரட்டும். செல்போன் படமே போதும்.

அடுத்த மாதப் பணம் பத்தாம் தேதிக்குள் வரும். கண் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிப்போடாமல் போய் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்