லென்ஸ் வாங்கும் முன் மாப்ளைக்கு ஒரு கடிதம்

மதுரை

அன்புள்ள மாப்ள,

போன வாரமே பதில் எழுதியிருக்க வேண்டும். பள்ளிக்கூடக் குரூப் போட்டோ வேலை தலைக்கு மேல் கிடந்தது; நேற்றுத்தான் கடைசி ஆல்பம் பைண்டிங்குக்குப் போனது. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று இவள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ துறைமுக வேலையை வி.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு வந்ததை உன் தம்பி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதை நேரில் பேசிக்கொள்ளலாம். ஆனால் கையில் கேமராவோடு அலைகிறாய் என்று படித்ததும் உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. ஹாஸ்டலில் மெஸ் மாஸ்டரிலிருந்து வாட்ச்மேன் தாத்தா வரை எல்லார் முகத்தையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்தவன் நீ. முகங்களைப் பார்க்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி உன் கேள்வி. மகன் விட்டுவிட்டுப் போன கேனான் 200டி கேமரா, அதோடு வந்த 18-55 எம்.எம். கிட் லென்ஸ். ஓய்வுப் பணத்தில் ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறாய். 85 எம்.எம். எஃப் 1.4 லென்ஸை செகண்ட் ஹேண்டில் பார்க்கவா, 70-200 ஜூம் வாங்கவா, இல்லை கேமரா பாடியையே மாற்றி, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் போய்விடவா என்று கேட்கிறாய். (எம்.எம். எண் கூடக்கூட லென்ஸ் தூரத்தை இழுத்துக் காட்டும்; எஃப் எண் குறையக்குறைய வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும்.) மூன்றும் இப்போது வேண்டாம் மாப்ள. யாரை, எந்த இடத்தில், எவ்வளவு தள்ளி நின்று எடுக்கப் போகிறாய் என்று முதலில் சொல். லென்ஸ் அதிலிருந்துதான் வரும். உன் கடிதத்தைப் படித்தவரை நீ எடுக்க ஆசைப்படுவது இரண்டு இடத்தில்: வீட்டுத் திண்ணையும் கூடமும் ஒன்று, உப்பளம் மற்றொன்று. இரண்டும் நேர் எதிரான இடங்கள்.

நீ எடுத்து அனுப்பிய அம்மா படத்தை பெரிய மானிட்டரில் போட்டு ரொம்ப நேரம் பார்த்தேன். பார்வை அப்படியே இருக்கிறது, நம்மைச் சாப்பிட உட்காரச் சொல்லும் அதே பார்வை. ஆனால் "மூக்கு இம்புட்டுப் பெரிசா இருக்கே" என்று அவங்க வருத்தப்பட்டதாக எழுதியிருந்தாய். அவங்க சொன்னது சரிதான். ஃபைல் விவரத்தைத் திறந்தால் 18 எம்.எம். என்று காட்டுகிறது. தலையும் தோளும் ஃபிரேம் நிறைய வர நீ இரண்டடி தூரத்துக்குப் போயிருக்கிறாய். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். மூக்கு கேமராவிலிருந்து 60 சென்டிமீட்டர் என்றால் காது 72. அதனால் காதோடு ஒப்பிட மூக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பதிகிறது. அதே அம்மாவை ஆறடி தள்ளி நின்று எடுத்தால் அந்தக் கூடுதல் பதினைந்தில் ஒரு பங்குதான். கண்ணுக்கே தெரியாது. இதில் எனக்கு மூக்கைவிடப் பெரிய வருத்தம் பாம்படம்தான். நம் பக்கத்தில் பாம்படம் போட்ட காது இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது? அது காதோடு பின்னால் ஒதுங்கிச் சிறுத்துப் போயிருக்கிறது.

இது லென்ஸின் குற்றம் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் முகத்தின் வடிவத்தை மாற்றுவது நீ நிற்கிற தூரம். லென்ஸ் தீர்மானிப்பது அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு வெட்டி எடுப்பது என்பதை மட்டும்தான். எனவே காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்: அம்மாவை அதே திண்ணையில் உட்கார வைத்து, ஆறேழு அடி தள்ளி நின்று, கிட் லென்ஸை 55-க்குத் திருப்பி எடு. கேமரா உன் கண்மட்டத்தில் இருந்தால் மேலிருந்து பார்ப்பதுபோல் ஆகிவிடும். உன் 200டி-யில் திரையை வெளியே திருப்பலாம். நீயும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கேமராவை அவங்க கண்மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடு.

இப்போது 85 ஏன் வேண்டாம் என்கிறேன் என்று சொல்கிறேன். போர்ட்ரெய்ட்டுக்கு, அதாவது ஆள் படத்துக்கு, 85 என்று எல்லாரும் சொல்வது பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவை மனதில் வைத்து. உன் கேமராவில் படத்தைப் பதிகிற சென்சார் சிறியது, கேனானில் 1.6 மடங்கு கணக்கு. 50 எம்.எம். போட்டாலே 80 போலத் தெரியும். 85 போட்டால் 136. இடுப்பு வரை ஓர் ஆளை நிறுத்தி எடுக்க, 85-ல் பதினோரு அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும். 50-ல் ஆறரை, ஏழு அடி போதும். உன் கூடம் பத்துக்குப் பத்து. ஆள் சுவரை ஒட்டி நின்றால் நிழல் விழும், இரண்டடியாவது முன்னால் வர வேண்டும். மிச்சம் எட்டடி. 85-ஐ மாட்டிக்கொண்டு நீ வாசலைத் தாண்டித் தெருவில்தான் நிற்க வேண்டிவரும். முழு ஆள் எடுப்பதென்றால் 50-க்கே பன்னிரண்டு பதின்மூன்று அடி கேட்கும். அதற்குக் கிட் லென்ஸே இருக்கிறது. 70-200 எஃப் 2.8 நல்ல லென்ஸ்தான், கல்யாண மண்டபத்தில் நான் அதைத்தான் நம்பியிருக்கிறேன். ஆனால் அது கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. உன் கேமராவே அரைக்கிலோ கிடையாது. அந்தப் பீரங்கியை நீட்டினால் எதிரே இருக்கிற பெரியவர் முகம் இறுகிவிடும்.

வாங்க வேண்டியது கேனான் 50 எம்.எம். எஃப் 1.8 எஸ்.டி.எம்., ஒன்றே ஒன்று. 2015-ல் வந்தது, 160 கிராம், விலை பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும். இதற்கு முந்தின மாடல் ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், மவுன்ட் முழுக்கப் பிளாஸ்டிக், ஃபோகஸ் ஆகும்போது கரகரவென்று சத்தம் போடும். அதை விட்டுவிடு. கடையில் கவனமாக இரு: இதே 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். என்ற பெயரில் மிரர்லெஸ்ஸுக்கும் ஒன்று உண்டு. பெட்டியில் ஆர்.எஃப். என்று போட்டிருந்தால் உன் கேமராவில் ஏறவே ஏறாது. ஈ.எஃப். என்று இருக்க வேண்டும். பின்னால் நீ மிரர்லெஸ் போனாலும் ஈ.எஃப். லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம், இந்தக் காசு வீண் போகாது.

எஃப் 1.8 என்றதும் பின்னணி மங்கலாக வரும் அழகைத்தான் யூடியூபில் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வெளிச்சம். போர்ட்ரெய்ட் லென்ஸ் பிறந்ததே அதற்காகத்தான். 1839-ல் போட்டோகிராஃபி உலகத்துக்கு அறிமுகமானபோது ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அவ்வளவு நேரம் மனுஷ முகம் உயிரோடு எப்படி இருக்கும்? மறு வருஷமே வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர், உட்கார்ந்து கணக்குப் போட்டே எஃப் 3.6 லென்ஸ் ஒன்றை வடிவமைத்தார். காத்திருக்கும் நேரம் மளமளவென்று குறைந்தது. முகத்தை எடுக்கிறவனுக்கு அகலமாகத் திறக்கிற லென்ஸ் தருகிற வரம் அன்றைக்கும் இன்றைக்கும் அதேதான். சாயங்காலம் உன் கூடத்தில், கிட் லென்ஸை 55-ல் வைத்தால் எஃப் 5.6-தான் கிடைக்கும், ஷட்டர் வேகம் 1/20 நொடிக்கு இறங்கிவிடும். அம்மா வாயைத் திறந்து சிரிக்கத் தொடங்கினாலே படம் ஆடிவிடும். அதே வெளிச்சத்தில் எஃப் 1.8 வைத்தால் 1/200 கிடைக்கும். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். பேசிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம், "ஆடாம இருங்க" என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன மறு நொடியே முகம் பாஸ்போர்ட் போட்டோ ஆகிவிடும். கடையில் தினம் பார்க்கிறேன்.

அதற்காக எப்போதும் 1.8-லேயே வைக்காதே. மூன்றடி தூரத்தில் 1.8-ல் எடுத்தால் தெளிவாக வருவது சுமார் ஓர் அங்குல ஆழம்தான். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, மறு கண் பஞ்சு. ஆறடிக்குப் போ, எஃப் 2.8 வை, கிட்டே இருக்கிற கண்ணில் ஃபோகஸ் வை. வ்யூஃபைண்டரில் உனக்கு ஒன்பது ஃபோகஸ் புள்ளிதான், கண் மேல் புள்ளி விழாது. லைவ் வ்யூ போட்டு, பின்பக்கத் திரையில் தெரிகிற கண்ணை விரலால் தொட்டுவிடு, அந்தக் கேமராவில் அது நன்றாகவே வேலை செய்யும்.

வீட்டுக்குள் இன்னொரு தொல்லை சுவர். உன் கூடத்துப் பச்சைப் பெயின்ட் எனக்கு நினைவிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பினால் கன்னத்தில் பச்சை படரும், எந்த லென்ஸும் அதைத் தடுக்காது. ஆளை ஜன்னலுக்கோ வாசலுக்கோ நெருக்கமாகக் கொண்டுவா. மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடி. சினிமாக்காரர்களே அதைத்தான் பிடிக்கிறார்கள், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். ஃப்ளாஷ் இப்போதைக்கு வாங்காதே. இந்த இரண்டு வெளிச்சமும் பழகட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அம்மா முகத்தை எடிட்டிங்கில் வெளுக்க வைக்காதே. எங்கள் தொழிலில் இது வியாதி. கறுத்த முகம் வந்தால் கேட்காமலே வெளுப்பாக்கிக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு போகிறவர்களும் அதுதான் நல்ல படம் என்று நம்புகிறார்கள். இதன் வேர் பழையது. கோடக் கம்பெனி கலர் பிரிண்ட்டைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல வருஷம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். நம் தோலுக்கு என்று யாரும் அளவு வைக்கவில்லை. இன்றைய கேமராவில் அந்தக் குறை இல்லை, ஆனால் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஏமாறும். வெள்ளைச் சுவர் முன்னால் அம்மாவை உட்கார வைத்தால், சுவரின் வெளுப்பைப் பார்த்துக் கேமரா முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால், ஒரு ஸ்டாப் கூட்டி வை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). கேமரா கை வைக்காத ரா ஃபைலில் எடு. கறுப்புத் தோலில் ஜன்னல் வெளிச்சம் பட்டு நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மினுங்குவது இருக்கிறதே, அதற்கு ஈடான முகப் படம் இல்லை மாப்ள.

உப்பளத்துக்கு வருவோம். அங்கே 50-ஐ மறந்துவிட்டு கிட் லென்ஸைக் கொண்டுபோ. ஆச்சரியப்படாதே. நல்ல வெயிலில், சென்சாரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.-வை 100-க்கு இறக்கி, எஃப் 1.8 வைத்தால் ஷட்டர் 1/8000 வேண்டும், உன் கேமராவில் 1/4000-க்கு மேல் கிடையாது. படம் வெளுத்துப் போகும். கிட் லென்ஸ் 55-ல் எஃப் 5.6, ஷட்டர் 1/800. அங்கே அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. உப்பு வெள்ளை வெளேர் என்று கிடப்பதால் வெளிச்சம் கீழிருந்தும் ஏறும். தலையில் துண்டு கட்டியவருக்குக் கண்குழியில் விழும் நிழலை அது நிரப்பிவிடும். தரையே தெர்மாகோலாக வேலை செய்கிற இடம் அது. மீட்டர் முழுப் படத்தையும் அளப்பதை நம்பாதே, ஸ்பாட் முறையில் வைத்து முகத்தை மட்டும் அள. விடியும் முன்பே அவங்க வேலையைத் தொடங்கிவிடுவதாக நீதானே எழுதினாய். வெயில் ஏறுவதற்குள் போய்விடு. உப்பு வாருகிற கையை நிறுத்தச் சொல்லாதே. வரப்பில் ஓரமாக உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வரும்போது பேச்சுக் கொடு. அந்த ஆறடி தூரம் அங்கே கேட்டுத்தான் கிடைக்கும்.

பாத்தி ஓரத்தில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதே. லென்ஸ் முகப்பில் மாட்டுகிற யூ.வி. ஃபில்டர் தண்டச் செலவு என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறவன் நான்; உனக்கு மட்டும் வாங்கிப் போடச் சொல்கிறேன். கிட் லென்ஸுக்கு 58 எம்.எம். அளவு, ஐம்பதுக்கு 49. வீட்டுக்கு வந்ததும் முதலில் ப்ளோயரால் ஊது, பிறகு ஈரம் ஒற்றிய துணியால் பாடியைத் துடை. உப்புப் பொடியோடு தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும். தோல் உறையில் வைக்காதே, ஃபங்கஸ் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஜெல் மணிகளின் நீலம் ரோஸ் நிறமானால் ஈரம் ஏறிவிட்டது, மாற்று. செகண்ட் ஹேண்டில் எதை வாங்கினாலும் டார்ச் அடித்து உள்ளே பார், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பாடியை மாற்றும் யோசனை இன்னும் உறுத்தினால் ஒரு கணக்கு: 24 மெகாபிக்சலில் 12-க்கு 18 பிரிண்ட் சொட்டை சொள்ளை இல்லாமல் வரும். அதைவிடப் பெரிதாக நீ எந்தச் சுவரில் மாட்டப் போகிறாய்? ஒரு லட்சத்தில் மிச்சம் கிடப்பதைப் பிரிண்ட்டுக்கு எடுத்து வை. உப்பளத்தில் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடு. பிரிண்ட் நான் இங்கே என் கையால் போட்டுப் பஸ்ஸில் அனுப்புகிறேன். அம்மாவுக்கு மட்டும் பெரிது. படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, அமுங்கிப்போகும். கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு லிங்க் அனுப்பு. அம்மாவிடம் கேட்டதாகச் சொல். லென்ஸ் கடையில் நின்றதும் ஒரு ஃபோன் போடு, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல், பிறகு காசைக் கொடு.

அன்புடன்,
உன் மச்சான்