வண்டியில் என்ன ஏற்றினார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வண்டியோடு அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்களை நினைவுகூர, அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டாடப்படும் ‘பயனியர் டே’ பற்றிப் பெற்றோர் ஒருவர் எழுதிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தோம். பிள்ளைகள் நீளப் பாவாடையும் துணித் தொப்பியும் போட்டுக்கொண்டு, புட்டியில் பாலேட்டைக் குலுக்கி வெண்ணெய் எடுத்த மகிழ்ச்சியை அழகாகச் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளைகளிடம் "ஏன் மே மாதத்தில் கிளம்பினார்கள்? வண்டி இருந்தும் ஏன் நடந்தே போனார்கள்?" என்று கேட்டால் பதில் வருமா என்பதுதான் எங்கள் கவலை. உடுப்புக்கும் பலகாரத்துக்கும் செலவாகும் நேரத்தில் பாதியை எடைக்கணக்குக்கும் நாள்கணக்குக்கும் கொடுத்தால் இந்தப் பாடமே வேறாகிவிடும். நான்காம், ஐந்தாம் வகுப்பு புராஜெக்ட்டுக்குப் பிள்ளைகளோடு உட்காரும் தமிழ்ப் பெற்றோர் இங்கே பலர் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் வண்டி. பாடத்தாள்களில் அடிக்கடி அச்சாகும் படம், படகு போல வளைந்த கானஸ்டோகா வண்டி. அது கிழக்கே, பென்சில்வேனியாப் பக்கம் சரக்கு இழுத்த பெரிய வண்டி. ‘ஒரிகன் டிரெயில்’ என்ற பாதையில் மேற்கே ஒரிகனுக்குக் குடியேறப் போன குடும்பங்களில் பெரும்பாலானவை கொண்டுபோனது சாதாரணப் பண்ணை வண்டி. பெட்டி ஏறத்தாழ 4 அடி அகலம், 10 அடி நீளம். பக்கப் பலகை இரண்டு மூன்று அடி உயரம். மேலே வளைந்த கம்புகளில் ஆளிவிதை எண்ணெய் பூசிய கித்தான். வகுப்புத் தரையில் டேப் ஒட்டி 4-க்கு 10 அடியில் ஒரு கட்டம் போடுங்கள். ஆறு பேர் கொண்ட குடும்பம், ஐந்து மாதச் சாப்பாடு, படுக்கை, கருவிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்று சொன்னாலே, உட்கார்ந்து போக இடம் கிடையாது என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்துவிடும். பெட்டிக்கு அடியில் வில்லும் இல்லை. மாடு ஓட்டுபவரும் கடிவாளம் இல்லாமல், எருதுகளின் இடப்பக்கம் நடந்தபடி குரலாலும் சாட்டையாலும்தான் ஓட்டினார்.

அடுத்தது எடை. இரண்டு அல்லது மூன்று ஜோடி எருதுகள் மலை தாண்டி இழுக்க வேண்டுமானால் சுமை 2,000 பவுண்டு, மிஞ்சிப்போனால் 2,500. இங்கேதான் இரண்டு பழைய வழிகாட்டி நூல்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைக்கச் சொல்கிறோம். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் 1845-ல் எழுதியது: ஆளுக்கு மாவு 200 பவுண்டு, பன்றி உப்புக்கறி 150, காப்பி 10, சர்க்கரை 20, உப்பு 10. மொத்தம் 390. ராணுவ கேப்டன் ராண்டால்ஃப் மார்சி 1859-ல், 110 நாளுக்கென்று எழுதியது: மாவு 150, உப்புக்கறி 25, காப்பி 15, சர்க்கரை 25, உப்பும் மிளகும் சோடாவும் தனி. மொத்தம் 215. இரண்டு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டை நான்கு முழுச் சாப்பாடு என்று கணக்கில் எடுத்தால், ஹேஸ்டிங்ஸ் பட்டியலில் 1,560 பவுண்டு, மார்சி பட்டியலில் 860.

ஏன் 700 பவுண்டு வித்தியாசம் என்று பிள்ளைகளையே தேட விடுங்கள். மார்சியின் மாவை, ஒரிகன் பயணத்துக்கு ஆகும் 155 நாளுக்கு (இந்த நாள்கணக்கு கீழே வருகிறது) பெருக்கிப் பார்த்தால் 211 பவுண்டு வரும். ஹேஸ்டிங்ஸ் சொன்னதற்கு அது பக்கத்தில் வந்துவிடுகிறது. அப்படியானால் பெரிய வித்தியாசம் கறியில்தான். மார்சி, உயிரோடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் வழியில் அறுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவர். ஒரே கேள்விக்கு இரண்டு மூல ஆவணங்கள் இரண்டு பதில் சொல்லும்போது அவற்றை எப்படிப் படிப்பது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுத்தர இதைவிட நல்ல வாய்ப்பு எங்களுக்குத் தெரிந்து வேறில்லை.

ஹேஸ்டிங்ஸ் கணக்குப்படி போனால் 2,000 பவுண்டில் மிச்சம் 440 பவுண்டுதான். கோடரி, மண்வெட்டி, சங்கிலி, கூடாரம், கம்பளி, இரும்புச் சட்டி, துப்பாக்கி, வெடிமருந்து, மாற்று அச்சு எல்லாம் அதில் அடங்க வேண்டும். 10 கேலன் தண்ணீர் மட்டும் 83 பவுண்டு. வண்டியில் எதை ஏற்றுவது என்று பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் பொருள் அட்டைகளில் எடை எழுதாமல் கொடுப்பதுதான் வகுப்பில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது பிள்ளைகள் பிடித்ததைப் பொறுக்குகிறார்களே தவிர, எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பதில்லை. இன்னொன்று, ஒரே பாடவேளையில் இதை முடித்துவிடுவது. சுமையை முதல் நாள் முடிவு செய்யட்டும். அடுத்த வகுப்பில், வழியில் உள்ள ஃபோர்ட் லாரமி கோட்டை வந்துவிட்டது, இரண்டு எருதுகள் செத்துவிட்டன, 500 பவுண்டு இறக்க வேண்டும் என்று சொல்லுங்கள். 1849-ல் அந்தக் கோட்டையைச் சுற்றி இரும்பு அடுப்புகளும் பெட்டிகளும் உப்புக்கறி மூட்டைகளும் சிதறிக் கிடந்தது ஏன் என்பது அதற்குமேல் விளக்காமலே புரியும்.

வெண்ணெய் குலுக்கும் செயல்பாட்டை விட மனமில்லாதவர்கள் அதையும் ஒரு படி மேலே கொண்டுபோகலாம். மார்சி சொல்லும் வழி: வெண்ணெயை நன்றாகக் காய்ச்சி, மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருந்து, எண்ணெய் போலத் தெளிந்ததும் தகரக் குவளையில் ஊற்றி ஈயத்தால் மூடிப் பற்றவைக்க வேண்டும். நம் வீடுகளில் நெய் காய்ச்சும் பக்குவமேதான். உப்புக்கறி வெயிலில் உருகாமலிருக்க அதைப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் தவிட்டை நிரப்பச் சொல்கிறார்.

நாள்கணக்குக்கு வருவோம். பாதை மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 2,000 மைல். எருது வண்டி நாளுக்கு 15 மைல் என்றால் 133 நாள். வாரம் ஒரு நாள் ஓய்வு சேர்த்தால் 155. மே 1-ல் கிளம்பினால் அக்டோபர் 3, ஜூன் 1-ல் கிளம்பினால் நவம்பர் 3. வயோமிங்கில் உள்ள இண்டிபெண்டன்ஸ் ராக் என்ற பாறை ஏறத்தாழ 830 மைலில் வரும். ஜூலை 4-க்குள் அதை எட்டிவிட வேண்டும் என்று அவர்கள் வைத்திருந்த கணக்கை, மே 1-ல் கிளம்பினால் சரியாக எட்டலாம் என்று பிள்ளைகளே போட்டுக் கண்டுபிடிக்க முடியும். அப்படியானால் ஏப்ரல் முதல் தேதியே ஏன் கிளம்பவில்லை? புல் முளைத்திருக்காது. ஓர் எருதுக்கு நாளுக்கு 20 பவுண்டு உலர்புல் என்று வைத்தாலும், ஆறு எருதுக்கு 155 நாளில் 18,600 பவுண்டு. அந்த வண்டியின் சுமையைப் போல ஒன்பது மடங்கு. தீவனத்தை ஏற்றிக்கொண்டு போகவே முடியாது. முன்னே போனால் புல் இல்லை, பின்னே போனால் மலையில் பனி. 1846-ல் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய டானர் குழுவினர் ஹேஸ்டிங்ஸின் குறுக்குவழியை நம்பிப் போனார்கள். அந்த வழியில் ஒரு வண்டியையும் ஓட்டிப் பார்க்காமலே அவர் நூலில் எழுதியிருந்த வழி அது. சியெரா நெவாடா மலையில் பனி மறித்துக்கொண்டது. 87 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தார்கள்.

சக்கரத்துக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மேற்கே போகப்போகக் காற்று வறண்டு, வட்டையும் (சக்கரத்தின் மர விளிம்பு) ஆரக்காலும் சுருங்கும். வட்டையைச் சுற்றிப் பூட்டிய இரும்புப் பட்டா தளர்ந்து கழன்றுவிடும். இரவில் சக்கரத்தை ஆற்றில் ஊறப்போடுவார்கள், அல்லது வட்டைக்கும் பட்டாவுக்கும் நடுவே மர ஆப்பு அடிப்பார்கள். தண்ணீரில் ஊறிய மரம் மறுபடி காய்ந்தால் மறுபடி தளரும். பட்டாவைக் காய்ச்சி இறுக்கிப் பூட்டக் கொல்லர் பட்டறை வேண்டும். வழியில் இருந்த கோட்டைகளின் அருமை அதில் தெரியும்.

வகுப்பு விளையாட்டில் பயணிகளின் மரணத்தைப் பகடை உருட்டி முடிவு செய்யும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. 1971-ல் மினசோட்டாவில் பயிற்சி ஆசிரியர்கள் மூவர் வகுப்புக்காக உருவாக்கிய ஒரிகன் டிரெயில் கணினி விளையாட்டு இந்தப் பாதையை ஒரு தலைமுறைக்கே அறிமுகம் செய்தது. ஆனால் சாவு என்பது அதிர்ஷ்டம் என்ற எண்ணத்தையும் சேர்த்தே விட்டுச்சென்றது. 1849 முதல் சில ஆண்டுகள் இந்தப் பாதையில் உள்ள பிளாட் ஆற்றங்கரையில் மக்களைக் கொன்றது காலரா. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடங்களில் மாறி மாறி முகாமிட்டு, கழிவுக்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத குழி தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். அடுத்து ஆற்றைக் கடக்கையில் மூழ்கியவர்கள், தம் துப்பாக்கியே தவறி வெடித்து இறந்தவர்கள், சக்கரத்தில் விழுந்த சிறு பிள்ளைகள். எங்கே முகாம் போடுவது, எங்கே தண்ணீர் எடுப்பது என்ற முடிவை முதலில் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுப் பிறகு அதன் விளைவைச் சொல்லுங்கள். பூர்வகுடிகளின் தாக்குதலால்தான் பெரும்பாலோர் இறந்தார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூவின் கணக்கில், 1840 முதல் 1860 வரை அவர்களால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர். வண்டிகளை வட்டமாக நிறுத்தியதும் பெரும்பாலும் சொந்த மாடுகள் ஓடிவிடாமல் அடைக்கத்தான்.

பூர்வகுடிகள் பகுதியைக் கடைசி நாளுக்குத் தள்ளி, இறகு ஒட்டிய காகிதத் தலைப்பட்டையோடு முடிப்பது நிறையப் பள்ளிகளில் இன்னும் நடக்கிறது. அதை நிறுத்த வேண்டும். புல் கணக்கு போட்ட அன்றே, அந்தப் புல் யாருடையது என்று கேட்கலாம். லகோட்டா, செயென், ஷொஷோனி மக்களின் குதிரைகளும் காட்டெருமைக் கூட்டங்களும் மேய்ந்த புல்லைத்தான் வண்டி மாடுகள் மேய்ந்து தீர்த்தன. 1851-ல் ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தில் இதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 டாலர், 50 ஆண்டுகளுக்கு என்று அமெரிக்க அரசு அவர்களுக்கு வாக்களித்தது. செனட் சபை அதை 10 ஆண்டாகக் குறைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1850-ல் வந்த நிலக்கொடைச் சட்டம், ஒரிகன் பூர்வகுடிகளோடு நில ஒப்பந்தம் முடியும் முன்னரே, வெள்ளையருக்குத் தனி ஆணென்றால் 320 ஏக்கர், தம்பதி என்றால் 640 ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தது. இதில் பாதி மனைவியின் சொந்தப் பெயரில் என்பதையும் சொல்லுங்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். கறுப்பினத்தவருக்கு ஒன்றுமில்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் என்பவரைப் பற்றி ஒரு முழு வகுப்பு எடுக்கலாம். 1844-ல் மிசூரியிலிருந்து குடும்பத்தோடு இதே பாதையில் வந்தவர். கறுப்பினத்தவர் குடியேறத் தடை என்று அந்த ஆண்டுதான் ஒரிகனில் சட்டம் போட்டிருந்தார்கள். அதனால் கொலம்பியா ஆற்றைத் தாண்டி வடக்கே, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் டம்வாட்டர் பக்கம் 1845-ல் குடியேறினார். அவர் உழுத நிலம் அவர் பெயருக்கு வர, 1855-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதே எடை, அதே சக்கரம், அதே 2,000 மைல். பாதையின் முடிவில் கிடைத்தது மட்டும் வேறு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஹேஸ்டிங்ஸ், மார்சி இருவரின் பட்டியல்களையும், பவுண்டுக்குப் பக்கத்தில் கிலோவும் போட்டு, வெட்டி எடுக்கத்தக்க அட்டைகளாக ஒரு பக்கத்தில் தமிழில் வெளியிட முடியுமா? இரண்டு நூல்களும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. அச்சுக்குப் போகுமுன் எடைகளைச் சரிபார்த்துத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் இருவர்,
ஒரிகன் மாநிலம், அமெரிக்கா.