கை வைக்கும் முன்பே சொல்லிவிடு

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

உனக்கு மகன் பிறந்து மூன்று மாதமாகியும் நான் ஒரு வரி எழுதவில்லை. நீ கோபித்துக்கொண்டால் அது நியாயமே. சத்துவாச்சாரி வீட்டைக் காலி செய்து இங்கே வந்துவிட்டோம், அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, மற்றபடி நலம். கோட்டை அகழிக்கரையில் நாம் போட்ட சபதத்தை மட்டும் நீ மறந்திருந்தால் நேரில் வந்து கவனித்துக்கொள்கிறேன்.

இன்று எழுதுவது உன் மகனுக்காக. என் மகனுக்கு நேர்ந்தது அவனுக்கு நேரக்கூடாது. போன ஆண்டு, இரண்டு வயதில், காய்ச்சல் என்று அவனை ஒரு மருத்துவரிடம் தூக்கிச் சென்றேன். சிறுநீர்த் தொற்றாக இருக்குமோ என்று பார்த்த அவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குறியின் முன்தோலை வெடுக்கென்று பின்னால் இழுத்துவிட்டார். பிள்ளை அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜட்டியில் இரத்தக் கறை. அதன்பின் மூன்று நாள் எரிச்சலுக்குப் பயந்து அவன் சிறுநீரை அடக்கிக்கொண்டான். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய டப்பில் உட்கார வைத்தால்தான், அதுவும் என் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டுதான், போனான். அந்த மருத்துவரோ, "தோல் இறுக்கம், தினமும் எண்ணெய் போட்டுத் தள்ளுங்கள், இல்லையென்றால் வெட்ட வேண்டிவரும்" என்றார். வாய் திறக்காமல் திரும்பி வந்த என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு ஒரு குழந்தை அறுவை மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். பிறக்கும்போது அந்தத் தோல், விரலோடு நகம் ஒட்டியிருப்பதுபோல, குறியின் நுனி மொட்டோடு ஒட்டியே இருக்கும். வளர வளரத் தானாகப் பிரியும். அவசரப்பட்டு இழுத்தால் கிழிந்து, தழும்பாகி, இல்லாத இறுக்கத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். 1968இல் டென்மார்க்கில் பள்ளிச் சிறுவர்களைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், 6, 7 வயதில் 100க்கு 63 பேருக்கு ஒட்டல் இருந்ததாம். 16, 17 வயதில் 3 பேருக்குத்தான். இரண்டு வயதுப் பிள்ளையிடம் என்ன குறை கண்டார்கள், சொல்! ஆம்பூர் ரஹீமா வீட்டில் சுன்னத் செய்வது அவர்கள் மார்க்கம், அது வேறு பேச்சு. இது நோயே இல்லாத இடத்தில் நோய் என்று பெயர் சூட்டுவது.

போன மாதம் மறுபடி காய்ச்சல், வேறு மருத்துவமனை. சிறுநீர் எடுக்க வந்த செவிலியர் பஞ்சோடு கை நீட்டியதுமே, நான் குறுக்கே கை வைத்து, "தோலைப் பின்னால் தள்ளாமல் வெளியே மட்டும் துடைத்து எடுங்கள்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, "அம்மா சொல்வது சரி, இழுக்க வேண்டாம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைப் போன ஆண்டே சொல்லியிருக்கலாமே என்று வீடு வரும்வரை அழுதேன்.

மருத்துவரிடம் மட்டுமல்ல, உன் மாமியாரிடமும், பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் அம்மாவிடமும் சொல்லிவை. எண்ணெய் தேய்த்து மூக்கை நீவுகிற கையோடு அங்கேயும் இழுத்துவிடுவார்கள், அன்பினால்தான், ஆனால் கூடாது. வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். தோலுக்கடியில் வெள்ளையாக முத்துப்போலத் தெரிந்தால் அது சீழ் அல்ல, உதிர்ந்த செல்கள். சிறுநீர் போகும்போது தோல் சற்று உப்பி அடங்குவதும் பெரும்பாலும் தொந்தரவில்லாததே. ஆனால் சிறுநீர் போகாமல் தவித்தாலோ, நுனி வெளுத்துத் தழும்பு வளையம்போல இறுகினாலோ மருத்துவரிடம் காட்டு. அப்போதும் வெட்டச் சொன்னால், களிம்பு போட்டுப் பார்க்கலாமா என்று முதலில் கேள். சிறுநீர் அறவே நின்றுவிட்டாலோ, பின்னால் போன தோல் திரும்பாமல் வீங்கிக்கொண்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதே.

14ஆம் வாரத் தடுப்பூசிக்கு நீ போவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும் என்பதால், காலையில் முதல் வேலையாகத் தபாலில் சேர்க்கிறேன். பிள்ளையின் இடுப்புத் துணியை யார் அவிழ்த்தாலும் உன் கை அருகிலேயே இருக்கட்டும்.

உன்,
கலா