கோயாசானில் ஓர் இரவு என்று பணம் வாங்கினீர்கள், ஒசாகா ஓட்டலில் இறக்கிவிட்டீர்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தம்பதியருக்கான ஜப்பானியப் பாரம்பரியச் சுற்றுலாவில் வாக்களித்த பகுதிகளைக் கைவிட்டது, சைவ உணவு பற்றித் தவறான தகவல் தந்தது தொடர்பான புகார்

ஐயா,

கடந்த ஏப்ரலில் உங்கள் நிறுவனம் நடத்திய ஜப்பான் பயணத்தில் நானும் என் கணவரும் கலந்துகொண்டோம். முழுத் தொகையையும் பிப்ரவரியிலேயே கட்டிவிட்டோம். ஊர் திரும்பியதும் உங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்பதற்கு மேல் இன்றுவரை எந்தப் பதிலும் இல்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன். உரிய அதிகாரி முழுவதையும் படிக்க வேண்டும்.

மற்ற நிறுவனங்களின் பட்டியல்களை ஒதுக்கிவிட்டு உங்களிடம் வந்ததற்கு ஒரே காரணம் கோயாசான் என்னும் பௌத்த மலைத்தலம். கோயில் விடுதியில் ஓர் இரவு, துறவிகள் சமைக்கும் சைவ உணவு, விடியற்காலை வழிபாடு என்று உங்கள் பயணத் திட்டத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தீர்கள். என் கணவர் பணி ஓய்வு பெற்றபின் நாங்கள் இருவரும் சேர்ந்து போகும் முதல் வெளிநாட்டுப் பயணம் இது. பணத்தை எண்ணி எண்ணித்தான் சேர்த்தோம். டிஸ்னிலேண்டும் கடைவீதியும் வேண்டுமென்றால் இதைவிடக் குறைந்த செலவில் போயிருக்க முடியும்.

கோயாசானுக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று காலை, பஸ் புறப்பட்ட பிறகு, உங்கள் பயண மேலாளர் ஒலிபெருக்கியில் "இன்று ஒசாகாவில் தங்குகிறோம், ஷாப்பிங்குக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்" என்று அறிவித்தார். காரணம் கேட்டதற்கு அறை கிடைக்கவில்லை என்றார். புறப்படுவதற்கு முந்தைய வாரம் நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய இறுதித் திட்டத்தில் அந்த அறை "உறுதி செய்யப்பட்டது" என்று இருக்கிறது. அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். உறுதியான அறை ஒரு வாரத்தில் எப்படி இல்லாமல் போகும்? அந்தக் கோயிலுக்கு நீங்கள் பணம் கட்டிய ரசீதைக் கேட்டேன். அதுவும் இதுவரை வரவில்லை.

இழந்தது என்னவென்று உங்கள் அலுவலகத்தில் எவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த சமவெளியில் இருக்கிறது கோயாசான். அந்த இடத்தைக் கூகாய் என்ற துறவி 816-இல் அரசரிடமிருந்து பெற்றார். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலில் போய், மலையடிவாரத்தில் கேபிள் காருக்கு மாறி மேலே ஏற வேண்டும். இன்றும் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ ஐம்பது கோயில்கள் பயணிகளைத் தங்க வைக்கின்றன. ஒகுனோயின் என்னும் இடுகாட்டின் வழியாக, வானளாவிய தேவதாரு மரங்களுக்கு நடுவே, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால் கூகாயின் சமாதி வரும். அவர் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. 835-ஆம் ஆண்டிலிருந்து அப்படி இருப்பவருக்கு இன்றும் நாள்தோறும் இருவேளை உணவு கொண்டுபோய்ப் படைக்கிறார்கள். அந்தக் கல்லறைகளில் பலவற்றில் பொறித்திருப்பது சித்தம் எழுத்து. இந்தியாவில் பிறந்து சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்த எழுத்து அது. அங்குள்ள கோயில்களில் தீ வளர்த்துச் செய்யும் கோமா வழிபாடு நம் ஹோமத்தின் வழித்தோன்றல். இவற்றையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காக என் கணவர் மாதக்கணக்கில் படித்துக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒசாகாவின் மின்பொருள் கடை வாசலில் மாலை முழுவதும் நின்றார். இதற்கு "சிறு திட்ட மாற்றம்" என்று உங்கள் அலுவலர் பெயர் வைப்பதை நான் ஏற்கவில்லை.

அடுத்தது உணவு. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாங்கள் இருவரும் பிறவியிலிருந்தே சைவம். முன்பதிவுப் படிவத்தில் மீனும் கூடாது என்று தனியாகவே எழுதியிருந்தேன். கியோத்தோவில் பாரம்பரிய விடுதி ஒன்றில் இரவு உணவுக்கு மிசோ சூப்பும், வேகவைத்த காய்களும், தோஃபுவும் வைத்தார்கள். சூப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது உங்கள் பயண மேலாளர், "மீன் துண்டு எதுவும் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்" என்றார். சாப்பிட்டோம். மறுநாள் காலை அங்கு பரிமாறிய பெண்ணிடம் கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலி வழியே கேட்டேன். முந்தைய இரவு வைத்த சூப்பு, காய்கள் இரண்டுமே உலர்த்திச் சீவிய மீனைக் கொதிக்க வைத்து எடுத்த சாற்றில் செய்தவை என்று தெரிந்தது. நாங்கள் சைவம் என்று எவரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்று கூறி, அந்தப் பெண் பலமுறை குனிந்து மன்னிப்புக் கேட்டார். தவறு அவருடையது அல்லவே அல்ல. தாஷி என்ற அந்தச் சாறு ஜப்பானியச் சமையலில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை என்பது, அந்நாட்டுக்கு இந்தியர்களை அழைத்துச் செல்லும் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம். என் கணவர் அதன் பிறகு அந்த விடுதியில் வெறும் சோற்றையும் பழத்தையும் தவிர எதையும் தொடவில்லை.

கோயாசானில் நாங்கள் சாப்பிட்டிருக்க வேண்டிய ஷோஜின் ரியோரி என்னும் துறவிகளின் சைவ உணவில் மீன் சாறு கிடையாது. கொம்பு என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷிதாகே காளானிலும் சாறு எடுப்பார்கள். வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. பயணம் முழுவதிலும் நாங்கள் பயமில்லாமல் உண்டிருக்கக்கூடிய ஜப்பானிய உணவு அது ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டீர்கள்.

தேநீர்ச் சடங்கு பற்றியும் சொல்ல வேண்டும். நினைவுப் பொருள் கடை ஒன்றின் மாடியில் வரிசையாக நாற்காலி போட்டு, ஏற்கெனவே கலக்கி வைத்த மாச்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூள் தேநீரைத் தட்டில் கொண்டுவந்து தந்தார்கள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பிறகு தேயிலை டப்பாக்களின் விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். சென் நோ ரிக்யூ என்ற தேநீர்க் குரு 1591-இல் மறைந்தவர். அவர் அமைத்ததாகக் கருதப்படும் தாயான் என்ற அறை கியோத்தோவுக்கு அருகில் இன்றும் இருக்கிறது. இரண்டே தாதாமி பாய் அளவுதான். வாளை வெளியில் வைத்துவிட்டு, குறுகிய வாசலில் தலைகுனிந்து தவழ்ந்து உள்ளே போக வேண்டும். பிரபுவானாலும் அதே வாசல்தான். விருந்தளிப்பவர் நம் கண்முன்னே மூங்கில் கருவியால் தேநீரைக் கலக்குவார். அதற்கு முன்பே இனிப்பைத் தின்றுவிட வேண்டும். நாங்கள் தாயானைக் கேட்கவில்லை. பாய் விரித்த ஓர் எளிய அறையில், ஒருவர் எங்களுக்காகத் தேநீர் கலக்குவதை அமைதியாக உட்கார்ந்து பார்க்கும் ஒரு மணி நேரத்தைக் கேட்டோம். உங்கள் பயணத் திட்டத்தில் இருந்த படமும் அதைத்தான் காட்டியது.

கியோத்தோவின் சான்ஜூசான்கெந்தோ கோயிலில், கன்னோன் என்னும் கருணைப் போதிசத்துவரின் ஆயிரத்தொரு சிலைகள் ஒரே மண்டபத்தில் இருக்கின்றன. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது. ஏப்ரலில் ஐந்து மணிக்கு மூடுவார்கள், அரை மணி முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள். அன்று பிற்பகல் எங்களை வரியில்லாக் கடை ஒன்றில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்ததுதான் தாமதத்துக்குக் காரணம். வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்றார் உங்கள் மேலாளர். சிலைகள் உள்ளே இருக்கின்றன ஐயா.

நாராவில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தரிடம் மான்களையும் சேர்த்து ஒரு மணி நேரம் தந்தீர்கள். உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி எல்லா ஊர்களிலும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். தோக்கியோவைத் தவிர வேறெங்கும் ஒருவர்கூட வரவில்லை. 752-இல் அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நீலக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டு அந்தச் சடங்கில் பங்கேற்றார்கள். இந்தியாவிலிருந்து வந்த குழுவுக்கு அந்த இடத்தில் சொல்ல இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை. புத்தரின் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு, குழுப்படம் எடுக்க வரிசையில் நிறுத்தினார் உங்கள் மேலாளர். குழுவில் இருந்த மற்றவர்களுக்குப் போதிசேனரைப் பற்றி என் கணவர்தான் எடுத்துச் சொன்னார்.

கியோத்தோவின் கியோன் பகுதியில் நடந்தது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அங்குள்ள தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது என்று 2024-இல் தடை செய்து, மீறினால் 10,000 யென் கட்ட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைத் தாண்டி எங்களை உள்ளே அழைத்துச் சென்ற உங்கள் மேலாளர், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மைக்கோ எனப்படும், கெய்ஷா கலை பயிலும் ஓர் இளம் பெண்ணைக் காட்டி, "சீக்கிரம், படம் எடுங்கள்" என்றார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரைந்து போனாள். அங்கு வசிக்கும் முதியவர் ஒருவர் வெளியே வந்து கையசைத்து எங்களை விலகச் சொன்னார். நாங்கள் இருவரும் படம் எடுக்கவில்லை. எங்கள் பெயரால் ஒருவர் வீட்டு வாசலில் அநாகரிகமாக நடந்துகொள்ள உங்களுக்கு யார் உரிமை தந்தது?

நன்றாக இருந்தவற்றை மறைக்கவில்லை. தோக்கியோவில் வந்த உள்ளூர் வழிகாட்டி, மெய்ஜி ஆலயத்தில் கைகழுவும் முறையையும், இருமுறை குனிந்து இருமுறை கைதட்டி மீண்டும் ஒருமுறை குனியும் வழிபாட்டையும் பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஓட்டல் அறைகள் சுத்தமாக இருந்தன. புல்லட் ரயில் முன்பதிவில் ஒரு குறையும் இல்லை.

இவற்றுக்குத் தீர்வாக நாங்கள் கேட்பவை இவைதான். கோயாசான் தங்கல், தேநீர்ச் சடங்கு, சான்ஜூசான்கெந்தோ நுழைவு, கியோத்தோ, நாரா வழிகாட்டிகள் ஆகியவற்றுக்காக எங்களிடம் வாங்கிய தொகையைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும். ஒசாகா ஓட்டல் செலவை அதில் கழிக்கக் கூடாது, நாங்கள் அதைக் கேட்கவில்லை. கோயில் விடுதியில் உண்மையிலேயே அறை பதிவு செய்திருந்தால் அதற்கான ஆவணத்தைக் காட்டுங்கள். எங்கள் உணவுக் குறிப்பு விடுதிக்கு ஏன் போகவில்லை என்பதற்கு எழுத்தில் விளக்கமும் மன்னிப்பும் வேண்டும். இதே பயணத் திட்டத்தை அடுத்த பருவத்துக்கும் கோயாசான் படத்தோடு விளம்பரம் செய்துகொண்டிருக்கிறீர்கள். அறை உறுதியாகும்வரை அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும்.

உங்கள் விதிமுறைகளில் "தவிர்க்க இயலாத காரணங்களால் மாற்றம்" என்று ஒரு வரி இருப்பதை அறிவேன். புயலோ நிலநடுக்கமோ வந்து வழி அடைபட்டிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அன்று மலைக்கு ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காகவும் தவறான விளம்பரத்துக்காகவும் வழக்குத் தொடுப்போம். பணம் கட்டிய ரசீது, இறுதிப் பயணத் திட்டம், முன்பதிவுப் படிவம் ஆகியவற்றின் நகல்களையும், மூடிய கதவின் முன் நேரத்தோடு எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏப்ரல் மாதக் குழுவில் கணவருடன் பயணம் செய்த வாடிக்கையாளர்